அனிமே பார்க்கும் அங்கிள்!

"அங்கிள், கொஞ்சம் தள்ளி உட்கார்றீங்களா? தலை மறைக்குது!"

முப்பத்தேழு வயதில் தலையில் மறைக்கிற அளவுக்கு முடி இருக்கிறது என்று ஊர் ஒப்புக்கொண்டதற்கு நியாயமாக நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அந்த 'அங்கிள்' வந்து கெடுத்துவிட்டது.

இடம்: சென்னையில் ஒரு தியேட்டர். காலம்: 2025 செப்டம்பர். படம்: 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்'. ஜப்பான்காரர்கள் எடுத்த அனிமே, சுத்தமாகத் தமிழ் பேசிக்கொண்டு வந்து இறங்கியிருந்தது. மொத்தம் 155 நிமிஷம். ஒவ்வொரு கத்தி வீச்சுக்கும் தியேட்டரில் விசில் பறந்தது. பக்கத்து சீட்டில் என் அக்கா பையன். இன்ஜினீயரிங் இரண்டாம் வருஷம். (அனிமேயைக் 'கார்ட்டூன்' என்று சொன்னால் உறவை முறித்துக்கொள்வான். ஆகவே ஜாக்கிரதையாகவே எழுதுகிறேன்.)

இடைவேளையில் பாப்கார்னோடு வந்தவன் கேட்டான்: "எப்படி இருக்கு மாமா?"

"சூப்பர்டா. ஆனா அந்த ஹீரோ பையனைப் பார்த்தா, 'தம்பி, சாப்பிட்டியாப்பா?'ன்னு கேக்கணும் போல இருக்கு."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "உங்களுக்கு வயசாயிடுச்சு மாமா."

தீர்ப்பு சொல்லிவிட்டான். அப்பீல் கிடையாது.

எனக்கும் அனிமேக்கும் இருபத்து மூன்று வருஷப் பழக்கம் சார். 2002-ல் திருச்சி உறையூரில் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் கேபிள் கிடையாது. ("பப்ளிக் எக்ஸாம் முடியட்டும்" என்பது அப்பாவின் கொள்கை முடிவு.) அதனால் தினமும் சாயங்காலம் இரண்டு தெரு தள்ளி நண்பன் வீட்டில் ஆஜர். கார்ட்டூன் நெட்வொர்க்கில் 'டிராகன் பால் இசட்'. அவனுக்கு முடி மேல்நோக்கி நட்டுக்கொண்டு நிற்கும். ஆகவே அதில் வரும் கோபக்கார இளவரசன் வெஜிட்டாவின் பெயரை வைத்தோம். எனக்கு அந்த வருஷம் சமயபுரத்தில் மொட்டை. ஆகவே நான் கதாநாயகன் கோகுவின் மொட்டைத்தலை நண்பன், க்ரில்லின். வகுப்பு முழுக்க இந்தப் பெயர்தான். வாத்தியார் ஒருவர்கூட ஒருமுறை அட்டெண்டன்ஸில் தடுமாறினார்.

வெஜிட்டாவின் அம்மாதான் எங்களுடைய மூன்றாவது ரசிகர். கேழ்வரகு அடையில் வெல்லம் தட்டிப்போட்டு எடுத்து வந்து, எங்களோடு உட்கார்ந்துவிடுவார். அதில் பேசும் இங்கிலீஷ் எங்களுக்கே அரைகுறை. அவருக்கு அதுவும் கிடையாது. ஆனால் கதை மட்டும் பிசகாமல் புரியும்.

"ஏன்டா, அந்த முள்ளம்பன்றித் தலைக்காரன் நேத்துலேர்ந்து கத்திக்கிட்டே இருக்கானே, இன்னும் முடிக்கலியா?"

நியாயமான கேள்வி. 'இன்னும் ஐந்து நிமிஷத்தில் கிரகம் வெடித்துவிடும்' என்று வில்லன் ஃப்ரீஸா சொன்ன பிறகு, அந்த ஐந்து நிமிஷம் பல எபிசோடுகளுக்கு ஓடியது. எங்கள் பழைய ஆபீஸில் "அஞ்சு நிமிஷத்துல வர்றேன்" என்று டீ குடிக்கப் போகிறவர்கள்கூட அதற்கு முன்னால் திரும்பிவிடுவார்கள்.

அந்த ஃப்ரீஸாதான் ஒருநாள் க்ரில்லினைக் கொன்றான். என் பெயர்க்காரன் செத்த துக்கத்தில் நான் அடையைத் தொடவில்லை. வெஜிட்டாவின் அம்மா என் மொட்டையைத் தடவிச் சொன்னார்: "சாப்பிடுறா. அந்தப் பச்சை மனுஷன் செத்துத் திரும்பி வரலியா? இவனும் வருவான்."

வந்தான். டிராகன் பால் உலகத்தில் அது ஒரு சௌகரியம். ஏழு பந்துகளைத் தேடிச் சேர்த்துவிட்டால், போன உயிர் திரும்பிவிடும்.

சரி, 2025-க்கு வருகிறேன். 'வயசுக்கு ஏற்ற அனிமே' தேடுவது என்று முடிவு செய்தேன். முதலில் பழசையே எடுத்துப் பார்ப்போமே என்று 'டிராகன் பால் இசட்' போட்டேன். தப்பு! பதினான்கு வயதில் கண்ணில் படாதது இப்போது பட்டது. கோகு கல்யாணமாகிக் குழந்தை பெற்றவன். எந்த வேலைக்கும் போவதில்லை. எப்போது பார்த்தாலும் சண்டை, சாப்பாடு. பையன் படிக்க வேண்டும் என்று கத்துகிற மனைவி சி-சியைத்தான் அந்தக் காலத்தில் எங்களுக்குப் பிடிக்காது. இப்போது நான் முழுக்க முழுக்க சி-சி கட்சி!

அக்கா பையனிடம் சரணடைந்தேன். அவன் அனுப்பிய லிஸ்ட்டில் முக்கால்வாசி, பள்ளிக்கூட யூனிஃபார்மில் உலகத்தைக் காப்பாற்றுகிறவர்கள்.

"என் வயசுல யாராவது இருக்கானாடா?"

"இருக்கான் மாமா! கரெக்டா முப்பத்தேழு. ஆபீஸ் போறவன்!"

ஆசையாகப் போட்டேன். 2018-ல் வந்த தொடர். 'நான் ஸ்லைமாக மறுபிறவி எடுத்த கதை' என்கிற ரீதியில் ஒரு நீளமான தலைப்பு. கதாநாயகனுக்கு முப்பத்தேழு வயது, கல்யாணமாகாத கம்பெனி ஊழியர். பேர்வழி தெருவில் நின்று ஜூனியரோடு பேசிக்கொண்டிருக்கிறார். சில நிமிஷங்கள்தான். கத்திக்குத்து! உயிர் போகும்போது அவருடைய கடைசி விருப்பம், தன் கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க்கை அழித்துவிட வேண்டும் என்பது. (நேர்மையான மனிதர்.) பிறகு வேறு உலகத்தில் கொழகொழ ஜெல்லி உருண்டையாகப் பிறந்து சந்தோஷமாக இருக்கிறார். ஆக, என் வயதுக்காரனுக்குக் கதையில் இடம் வேண்டுமென்றால் முதலில் செத்துத் தொலைக்க வேண்டும்!

"அப்ப பெரியவங்க பாக்கறது வேணுமா மாமா?" என்று அடுத்து ஒன்று அனுப்பினான். பெரியவர்கள் என்றால் பெரிய அளவில் ரத்தம் என்று நினைத்துவிட்டான். இரண்டாவது எபிசோடில் குடல் வந்தது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் கேட்டது அதில்லையப்பா!

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. கணக்கு டேலி ஆகாவிட்டால் தூக்கம் வராது. உட்கார்ந்து விசாரித்தேன். ஜப்பானில் அனிமேக்கள் பெரும்பாலும் மாங்கா என்கிற காமிக்ஸிலிருந்து வருகின்றன. மாங்காக்கள் நம் ஊர்த் தொடர்கதை போலப் பத்திரிகைகளில் வருகின்றன. சிறுவர்களுக்கான பத்திரிகையில் வந்தால் 'ஷோனென்'. வளர்ந்த ஆண்களுக்கான பத்திரிகையில் வந்தால் 'செய்னென்'. டிராகன் பால், நருட்டோ, ஒன் பீஸ், டீமன் ஸ்லேயர் எல்லாம் 1968-ல் ஆரம்பித்த 'ஷோனென் ஜம்ப்' வீட்டுப் பிள்ளைகள். அட, நான் இருபத்து மூன்று வருஷமாகத் தப்பான கவுன்ட்டரில் க்யூவில் நின்றிருக்கிறேன்!

கவுன்ட்டரை மாற்றினேன். 'மார்னிங்' என்ற பெரியவர்களின் வார இதழில் வந்த மாங்காவிலிருந்து 2003-ல் எடுத்த 'பிளானட்டீஸ்' கிடைத்தது. 26 எபிசோடு. நடப்பது 2075-ல், விண்வெளியில். ஆனால் கதாநாயகர்கள் யார் தெரியுமோ? குப்பை பொறுக்குகிறவர்கள்! பூமியைச் சுற்றும் உடைந்த ராக்கெட் துண்டு, திருகாணி எல்லாவற்றையும் அள்ளுகிற கம்பெனி ஊழியர்கள். நொடிக்கு ஏழெட்டு கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஒரு திருகாணி போதும், கப்பலே காலி. அத்தனை முக்கியமான வேலை. ஆனால் கம்பெனியில் அந்த செக்‌ஷனுக்கு மரியாதை கிடையாது, ஆள் கிடையாது, பட்ஜெட் கிடையாது. நான் எட்டு வருஷம் குப்பை கொட்டிய அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன் அப்படியே கண் முன்னால் மிதந்தது.

அக்கவுன்ட்ஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. ஹலோ கிட்டி பூனையைப் படைத்த சான்ரியோ கம்பெனியின் 'அக்ரெட்சுகோ'. நெட்ஃப்ளிக்ஸில் 2018-ல் வந்தது. அக்கவுன்ட்ஸில் வேலை பார்க்கும் இருபத்தைந்து வயது சிவப்பு பாண்டா. மேலதிகாரி சாட்சாத் பன்றி (நான் சொல்லவில்லை, அப்படித்தான் வரைந்திருக்கிறார்கள்). பகலெல்லாம் "சரிங்க சார்". ராத்திரி கரோக்கே ரூமில் போய்த் தொண்டை கிழிய டெத் மெட்டல் பாட்டு! மாதக் கடைசியில் வவுச்சர் சரிபார்த்தவர்கள் யாரும் இதைக் கற்பனை என்று சொல்ல மாட்டார்கள்.

மியாசாகியின் 'போர்கோ ரோஸ்ஸோ'வும் பார்த்தேன். 1992-ல் வந்த படம். ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தில், வேலை நிமித்தம் பறந்து களைத்துப்போன நடுத்தர வயது ஆசாமிகள் பார்ப்பதற்கான குட்டிப் படமாகத் திட்டமிட்டு, முழுப் படமாக வளர்ந்ததாம். நமக்காகவும் ஒருவர் யோசித்திருக்கிறார்!

ஆக, டேலி ஆகிவிட்டது: நமக்கு ஏற்றது செய்னென், ஷோனென் பிள்ளைகளுக்கு. அப்பாடா என்று லெட்ஜரை மூடப்போன நேரத்தில் அக்கா பையன் இன்னொன்று அனுப்பினான். 'ஃப்ரீரென்'. 2023-ல் ஆரம்பித்தது. முதல் சீஸன் 28 எபிசோடு.

விசாரித்தால், இதன் மூலக்கதை வருவது 'ஷோனென் சண்டே'யில். சிறுவர் பத்திரிகை! கதாநாயகி ஃப்ரீரென் பார்ப்பதற்குச் சின்னப் பெண். வயது மட்டும் ஆயிரத்துக்கு மேல். எல்ஃப் என்கிற நெடுநாள் வாழும் இனம். வேண்டா வெறுப்பாகத்தான் போட்டேன்.

வழக்கமாகக் கதை எங்கே முடியுமோ, இது அங்கே ஆரம்பிக்கிறது. நாலு பேர் சேர்ந்து பத்து வருஷம் பயணம் போய் அரக்கர் தலைவனைக் கொன்றுவிட்டு ஊர் திரும்புகிறார்கள். அன்று ராத்திரி வானத்தில் எரிகற்கள் மழையாகப் பொழிகின்றன. ஐம்பது வருஷத்துக்கு ஒருமுறை வருவது. "அடுத்த தடவை இதைவிட நல்லா தெரியற இடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறாள். அவளுக்கு ஐம்பது வருஷம் என்பது நமக்கு ஒரு லீவு மாதிரி. சொன்னபடி திரும்பி வருகிறாள். அந்த வீரன் ஹிம்மல் குள்ளமாகச் சுருங்கி, வழுக்கை விழுந்த தாத்தாவாக நிற்கிறான். எரிகற்களைப் பார்க்கிறார்கள். கொஞ்ச நாளில் இறந்துபோகிறான். அடக்கம் செய்யும்போதுதான் அவளுக்கு அழுகை வருகிறது. பத்து வருஷம் கூடவே நடந்தும் அவனைப் பற்றித் தெரிந்துகொள்ளவே முயற்சி பண்ணவில்லையே என்று.

ஏழு பந்து எதுவும் கிடையாது. போனவன் போனவன்தான்.

நான் லேப்டாப்பை மூடிவிட்டேன். வெஜிட்டாவின் அம்மா 2024 மார்ச்சில் இறந்துபோனார். அப்போது நான் ஒரு கம்பெனிக்கு இயர் எண்டிங் கணக்கு முடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். (பத்தி எழுதி மட்டும் குடும்பம் நடத்த முடியுமா?) தகவல் வாட்ஸ்அப்பில் வந்தது. 'ஆழ்ந்த இரங்கல்' என்று அடித்து, இரண்டு கும்பிடும் கை போட்டேன். முதல் வாரம் போகிறேன் என்று நினைத்தேன். அப்புறம் பதினாறாம் நாளுக்கு. அப்புறம் ஆடிட் முடியட்டும் என்று. அப்புறம் 'இவ்வளவு நாள் கழிச்சு எந்த மூஞ்சியோட போறது' என்று. ஒன்றரை வருஷமாக அது அப்படியே நிலுவையில் நின்றது. கணக்குப் பிள்ளை நான்!

அவளுக்கு ஐம்பது வருஷமாயிற்று. எனக்கு ரயிலில் ஐந்து மணி நேரம். அடுத்த சனிக்கிழமை கிளம்பினேன்.

உறையூரில் அதே வீடு. கதவைத் திறந்தவனைப் பார்த்து ஒரு நிமிஷம் திகைத்தேன். நட்டுக்கொண்டு நின்ற அத்தனை முடியையும் காணோம். வழவழவென்று ஒரு வழுக்கை.

"என்னடா பாக்கற?" என்றான். "இப்ப யாரு க்ரில்லின்?"

சிரித்தோம். உள்ளே சுவரில் அம்மாவின் படம், மாலையோடு. சிரிப்பு நின்றது. அதன் கீழே உட்கார்ந்தோம். என்ன பேசுவதென்று தெரியவில்லை.

"கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாங்கடா. அந்த மொட்டைப் பையன் இப்ப என்ன பண்றான்னு."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"ஒரு போனாவது பண்ணியிருக்கலாம்."

"பண்ணியிருக்கணும்டா" என்றேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அவன் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் என் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டு, "இரு, சாப்பிட்டுத்தான் போகணும்" என்று எழுந்தான்.

ராத்திரி அவன் வீட்டு டி.வி.யில் 'ஃப்ரீரென்' போட்டோம். ஆறாவது படிக்கிற அவன் பெண் நடுவில் வந்து உட்கார்ந்தாள்.

"இது பெரியவங்க பாக்கறதாப்பா, சின்னவங்க பாக்கறதா?"

வெஜிட்டா என்னைப் பார்த்தான். நான்தானே நிபுணர்!

"யாரையாவது போய்ப் பாக்காம விட்டவங்க பாக்கறதும்மா" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. இப்போதைக்குப் புரிய வேண்டிய அவசியமும் இல்லை.

வயசுக்கு ஏற்ற அனிமே எது என்று என்னைப் போலவே தேடுகிற அங்கிள்கள் இந்தப் பத்திரிகை வாசகர்களில் நிச்சயம் இருப்பீர்கள். ஹீரோவின் வயதைப் பார்க்காதீர்கள், பத்திரிகையின் லேபிளையும் பார்க்காதீர்கள். போன நாள் போனதுதான் என்று தெரிந்த கதையா என்று மட்டும் பாருங்கள். பார்த்து முடித்ததும், டிராகன் பால் காலத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு ஒரு போன் போடுங்கள். மெசேஜ் இல்லை சார், போன்!

வெஜிட்டாவின் மனைவி கேழ்வரகு அடை கொண்டு வந்து வைத்தார். "அத்தை பண்ற மாதிரியே இருக்காண்ணே?" என்று கேட்டார்.

வெல்லம் கொஞ்சம் கம்மி. "அதேதாம்மா" என்றேன்.