வாங்காத கடன்

திருவிடைமருதூரில் கடன் மானப் பிரச்சினை. நெல்லுக்குப் பணம் வந்ததும் கூட்டுறவுச் சங்கத்துப் பாக்கியைக் கட்டிவிட்டுத்தான் அப்பா அடுத்த செலவைப் பற்றிப் பேசுவார். அந்தப் புத்தியோடுதான் நியூ ஜெர்சிக்கு வந்து சேர்ந்தோம். ஆகவே, நாங்கள் வாங்கவே வாங்காத ஒரு கிரெடிட் கார்டுக்குப் பாக்கி கேட்டு வசூல் கம்பெனி கடிதம் போட்டபோது, வீட்டில் முதலில் எழுந்த பேச்சு இதுதான்: "நாலு பேர் காதுல விழறதுக்குள்ள கட்டித் தொலைச்சிடலாமே!"

கட்டக் கூடாது. கட்டினால் கடனை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடலாம்.

இந்த நாட்டில் ஒன்பது இலக்க சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் பிறந்த தேதியும் தெரிந்தவன், கடன் கொடுப்பவர் கண்ணுக்கு நீங்களேதான். 2017-இல், கிரெடிட் ரிப்போர்ட் தயாரிக்கும் எக்விஃபேக்ஸ் நிறுவனத்திலிருந்து மட்டும் சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் களவு போயின. எங்கள் ஊர் மகாலிங்கசுவாமி கோயிலில் கிழக்கு வாசலில் நுழைந்தவர்கள் அவ்வழியே திரும்புவதில்லை. வரகுண பாண்டியனைத் துரத்திவந்த பிரம்மஹத்தி அங்கே காத்திருக்கிறது என்பது ஐதீகம். திருட்டுக் கடனிடமிருந்து அப்படி வேறு வாசலில் நழுவ முடியாது. கிரெடிட் ரிப்போர்ட்டில் குந்தியிருந்து, வீட்டுக் கடன் கேட்கும் நாளில் எழுந்து வரும்.

முதல் வேலை, எக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்றிலும் கிரெடிட்டை ஃப்ரீஸ் செய்வது. 2018 செப்டம்பரிலிருந்து நாடு முழுக்க இது இலவசம். இருக்கிற கார்டுகள் வழக்கம்போல் ஓடும்; புதுக்கடன் மட்டும் எளிதில் பிறக்காது. அடுத்து, கார்டு கொடுத்த வங்கியின் மோசடிப் பிரிவை அழைத்துக் கணக்கை மூடச் சொல்லி, அதைக் கடிதமாகக் கேட்டு வாங்க வேண்டும். அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்தின் 'ஐடென்டிட்டி தெஃப்ட்' இணையதளத்தில் புகார் பதிந்தால் ஓர் அறிக்கை கிடைக்கும். அதையும் அடையாளச் சான்றையும் அனுப்பினால், அந்த மூன்று நிறுவனங்களும் நான்கு வேலைநாளில் திருட்டுப் பதிவை முடக்கியாக வேண்டும். வசூல் கம்பெனிக்கு 30 நாளுக்குள் எழுத்தில் மறுப்புத் தெரிவித்தால், கடனுக்கு ஆதாரம் காட்டும்வரை அவர்கள் கேட்க முடியாது. போனில் பேசியது நிற்காது, காகிதம் நிற்கும்.

முகம் தெரிந்த ஊரில் இதெல்லாம் நடக்காது என்று எண்ண வேண்டாம். பாபநாசம் பக்கம் திருமண்டங்குடியில், திரு ஆரூரான் சர்க்கரை ஆலை தங்கள் பெயரில் வங்கிக் கடன் வாங்கியதாகக் கரும்பு விவசாயிகள் புகார் சொன்னார்கள். கரும்புக்குரிய பணமும் வரவில்லை, வங்கி நோட்டீஸ் மட்டும் வந்தது. 2022 நவம்பர் கடைசியில் தொடங்கிய அவர்களுடைய காத்திருப்புப் போராட்டம் ஓராண்டைத் தாண்டியது.

ஊரிலிருக்கும் தம்பியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஆதார் நகல் கொடுத்தால் எதற்கு, என்றைக்கு என்று அதன் மேலேயே எழுதிக் கையெழுத்துப் போடு. சிபில் அறிக்கை ஆண்டுக்கொரு முறை இலவசம், எடுத்துப் பார். தப்பிருந்தால் எழுதிக் கொடு. 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் உனக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. இணைய மோசடி என்றால் 1930-ஐக் கூப்பிடு. நோட்டீஸ் வந்தால் பெட்டியில் போட்டுப் பூட்டாதே. திருமண்டங்குடிக்காரர்கள் மாதிரி ஊரறியச் சொல். வாங்காத கடனுக்கு வெட்கப்பட வேண்டியவன் நீயில்லை.