காவி கட்டின கவிஞர்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மகள்,

கனடாவின் அக்காடியப் பங்குச்சாமி நெப்போலியன் லாந்ரியின் கவிதைகளைப் பற்றி நீ எழுதினதை மாமியும் வாசித்தாள். அக்காடியர் 1755இல் பிரித்தானியர் ஊரைவிட்டுத் துரத்தின சனம் என்றதும் அவளுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

நம்மட பக்கத்திலும் அப்படி ஒருவர் உண்டா என்று கேட்டிருந்தாய். பங்குச்சாமி இல்லை, காவி கட்டினவர். பள்ளிக்கூடச் சுவரில் படமாக மட்டும் பார்த்திருப்பாய்: விபுலாநந்த அடிகள்.

1892இல் காரைதீவில் பிறந்த மயில்வாகனம், இங்கே புனித மிக்கேல் கல்லூரியில் பாதிரிமாரிடம் படித்தவர். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர், 1920இல் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. 1924இல் இராமகிருஷ்ண மடத்தில் துறவியாகி விபுலாநந்தர் ஆனார். பண்டிதர் என்பதை எல்லாரும் சொல்லுவார்கள். விஞ்ஞானத்தை மறந்துவிடுவார்கள். ஆண்டுக்கொரு தரம் சிலைக்கு மாலை, ஒலிபெருக்கியில் பேச்சு, அதோடு சரி.

நம்மட வாவியில் மீன் பாடும் கதை உனக்குத் தெரியும். நிலாக் காலத்தில் தோணியை நிறுத்தி, சவளைத் தண்ணிக்குள் விட்டு, மேல்முனையில் காதை வைத்துக் கேட்பார்கள். 1848இல் இங்கே வந்த பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட்டிடம் மீன்பிடிகாரர், அது ஊரியின் சத்தம் என்றார்களாம். மீனோ ஊரியோ, அந்த ஓசையைத்தான் அடிகள் 'நீரர மகளிர்' என்று பாடினார். வெறும் கவிஞர் என்றால் அங்கேயே நிறுத்தியிருப்பார். இவருக்கோ ஓசை என்றால் அதற்குள் ஒரு கணக்கு இருக்கவேணும். சிலப்பதிகாரத்தில் வருகிற யாழை வழக்கில் எவரும் கண்டதில்லை. எத்தனை நரம்பு, எந்த நரம்புக்கு எந்தச் சுரம், ஒன்றுக்கொன்று என்ன விகிதம் என்று பல வருடம் கணக்குப் பார்த்து எழுதினதுதான் 'யாழ்நூல்'. கரந்தைத் தமிழ்ச் சங்கம் பதிப்பித்தது. 1947 யூன் தொடக்கத்தில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேற்றம். அவருடைய கணக்குப்படி செய்த யாழ்களையும் அங்கே கொண்டுபோனார்கள். ஆறு கிழமை கழித்து, யூலை 19இல், அடிகள் காலமானார். அவர் தொடக்கிவைத்த சிவானந்த வித்தியாலய வளவிலேயே, இந்தக் கல்லடியில், சமாதி.

அவருடைய 'ஈசன் உவக்கும் இன்மலர் மூன்று' நம்மட பிள்ளைகளுக்கு மனப்பாடம். நல்ல பாட்டுத்தான். ஆனால் என்னைக் கேட்டால் வாவிப் பாட்டுக்குப் பிறகுதான் அது. பக்திப் பாட்டு எழுதப் பலர் இருந்தார்கள். ஒரு ஓசையைப் பாட்டாகவும் எண்ணாகவும் எழுத அவர் ஒருவர்தான் இருந்தார்.

யாழ்நூலை வருகிற கிழமை தபாலில் போடுகிறேன். பண்டிதத் தமிழ், முதலில் மிரட்டும். நீ கணக்குப் படித்தவள், இசைநரம்பியல் என்ற இயலில் தொடங்கு. விளங்காத இடத்தைக் குறித்து எழுது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இங்கே சும்மாதான் இருக்கிறார்.

அன்புடன்,
மாமா