சீப்புத் தலையும் பட்டைத் தலையும்

ஹற்றனுக்கு அணித்தாயுள்ள தோட்டமொன்றின் லயன் அறையில், எழுபத்தைந்து வயதைக் கடந்த ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர் தம் தந்தையின் அடைப்பத்தை இன்றும் பேணி வருகிறார். தந்தை தோட்டத்து நாவிதராக இருந்தவர். எனவே அத்தோற்பையினுள் மடக்குக் கத்தியும் சாணைக்கல்லும் தோல்வாரும் படிகாரக் கட்டியும் இருப்பதில் வியப்பில்லை. அவற்றின் தொழிலைப் பறித்த பாதுகாப்புச் சவரக்கருவிகள் மூன்றும் அதே பையிற் கிடப்பதே பார்ப்பவரைச் சற்று நிறுத்தி வைக்கிறது.

ஞாயிறுதோறும் அத்தந்தை லயம் லயமாகச் செல்வார். இஸ்தோப்பின் கீழேதான் அவருக்கு இடம். தம் கழுத்தை நம்பிக்கையோடு அவர் கத்திக்குக் கொடுத்தவர்கள், தாம் நீர் அருந்தும் குவளையை அவர் கைக்குக் கொடுக்கமாட்டார்கள். சிறுவயதில் அடைப்பத்தைச் சுமந்து பின்சென்ற மகன் இதனைப் பலமுறை கண்டிருந்தார். கத்தியைத் தொடாமல் கவ்வாத்துக்குப் பெயர் பதிந்துகொண்டதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

மடக்குக் கத்தியின் நுட்பம் முழுவதும் மணிக்கட்டில் உள்ளது. அலகைத் தோலோடு எவ்வளவு சரிப்பது, எங்கே அழுத்தத்தைக் குறைப்பது என்பதைக் கைதான் அறியவேண்டும். 1904 இல் அமெரிக்கரான கிங் காம்ப் ஜில்லெட் காப்புரிமை பெற்ற கருவி இவ்வறிவைக் கையிலிருந்து எடுத்து உலோகத்தினுள் வைத்தது. மெல்லிய அலகொன்று வளைந்த மூடித்தகட்டுக்கும் அடித்தகட்டுக்கும் இடையில் இறுகப் பிடிக்கப்படுகிறது. வளைவினால் அலகுக்கு விறைப்பு உண்டாகிறது. விளிம்பு வெளியே நீளும் அளவும், அதற்கும் கீழுள்ள காப்புக்கும் இடையிலான இடைவெளியுமே சவரம் மென்மையானதா கடுமையானதா என்பதைப் பெரிதும் முடிவு செய்கின்றன. கவ்வாத்துக் கத்தியைச் சரித்துப் பிடித்தால் வெட்டு வழுவழுப்பாக விழும், நேராகப் போட்டால் கிளை பிளக்கும் என்றறிந்த மகனுக்கு இது விளங்க நெடுநேரமாகவில்லை.

1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களுள் ஒருவரான அயல்வீட்டுக்காரர், 1973 இல் தலைமன்னாருக்கு ரயிலேறுமுன் தமது கருவியை அவருக்கு விட்டுச்சென்றார். அது சீப்புத் தலை. அடித்தகட்டின் ஓரம் பற்களாகப் பிளந்திருக்கும். நுரையும் நீண்ட மயிரும் பல்லிடைவழி அலகைச் சென்றடையும். இரண்டாவது, அடுத்த ஆண்டில் ஹற்றன் கடையொன்றில் வாங்கிய பட்டைத் தலை. 1938 இல் ஜில்லெட் நிறுவனம் வெளியிட்ட டெக் என்னும் வகையைப் போன்றது. பற்களின் இடத்தில் நீண்ட திண்பட்டை ஒன்று தோலை முன்கூட்டியே இழுத்துச் சமன்செய்ய, அலகு பின்தொடரும். காயம் அரிது, கன்னம் பளபளக்கும். மூன்றாவது, தோட்டத்துக் கிளாக்கரையா கொடுத்தது. அதன் கழுத்து வளையத்தைத் திருகினால் இடைவெளி கூடும், குறையும். அழகான பொருள்தான். எனினும் அவர் அதனை ஓர் எண்ணிலேயே நிறுத்திவிட்டார்; அப்புறம் அது பட்டைத் தலையே.

சிறந்தது எது என்று கேட்பவர், யாருக்கு என்பதையும் கேட்கவேண்டும். கிளாக்கரையா நாள்தோறும் சவரம் செய்தார்; ஒருநாள் மயிருக்குப் பட்டைத் தலை போதும். விடியுமுன் பெரட்டுக்கு ஓடும் தொழிலாளிக்கோ வாரமொரு முறைதான் வாய்க்கும். ஏழுநாள் தாடியைப் பட்டையானது அலகுக்கு எட்டவிடாமல் படியவைத்துவிடும். இடைவெளியும் அடைத்துக்கொள்ளும். அங்கே சீப்புக்கு நிகரில்லை. மலைக்குளிரில் வெந்நீரொற்றிச் சில நிமிடம் பொறுத்தால் மயிர் நீரை உறிஞ்சி இளகும் என்பது எல்லாத் தலைகளுக்கும் பொது. அவசரக்காரர் அதைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள். இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த அவ்வாண்டுகளில், பழைய அலகைக் கண்ணாடிக் குவளையின் உட்புறத்தில் விரலால் அழுத்தித் தேய்த்து மேலும் சில வாரங்கள் ஓட்டினார். இன்று பேரன் கொழும்பிலிருந்து கொண்டுவரும் பல அலகுக் கருவியும் ஏழுநாள் தாடியில் அடைத்துக்கொள்ளத்தான் செய்கிறது.

லயங்களில் இக்கருவிகள் பெருகப் பெருக, தந்தையின் ஞாயிறு சுருங்கிற்று. மகனுக்கு அதில் மகிழ்ச்சி இருந்தது. தந்தைக்கு இல்லை. அவமதிப்போடு சேர்ந்தேனும் அத்தொழிலில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது; அவமதிப்புப் போவதற்குமுன் பெருமை போயிற்று. "இது கத்தியில்லடா, சீப்பு," என்று பார்த்த மாத்திரத்தில் ஒதுக்கிவிட்டார்.

1979 இல் அவர் கைநடுக்கம் கண்டு படுத்தார். பத்துநாள் தாடி வளர்ந்திருந்தது. மகன் மடக்குக் கத்தியை எடுத்துப் பார்த்து, துணிவின்றி வைத்துவிட்டார். பட்டைத் தலை இரண்டு இழுப்பில் அடைத்துக்கொண்டது. கடைசியில் சீப்புத் தலையையே மாட்டி, வெந்நீர்த் துணியை நெடுநேரம் கன்னத்தில் வைத்திருந்து, மெல்ல மெல்ல இழுத்தார். ஓரிடத்திலும் இரத்தம் துளிர்க்கவில்லை. தந்தை கண்களை மூடியபடி இருந்தார். முடிந்ததும் நடுங்கும் விரல்களால் தாடையைத் தடவிக்கொண்டே போய், ஓரிடத்தில் நிறுத்தினார்.

"காதுக்கடியில வுட்டுட்ட."

மகன் மறுபடியும் நுரை போட்டார்.