துளையா, மூடியா?

சென்ற மாதம் கொல்கத்தா லால்பஜார் பகுதியில் உள்ள இசைக்கருவிக் கடையொன்றில், இரண்டு பழைய ஆல்டோ கிளாரினெட்டுகளை எதிரே வைத்துக்கொண்டு ஒரு பிற்பகல் முழுவதும் அமர்ந்திருந்தேன். ஒன்றில் விரலே துளையை நேரடியாக அடைக்க வேண்டும். மற்றொன்றில் ஒவ்வொரு துளைக்கும் மேலே மூடி உண்டு. விரல் மூடியை அழுத்தினால் போதும். ஆய்வு உதவித்தொகையில் மிச்சம் பிடித்த பணம் ஒன்றை வாங்கத்தான் காணும்.

வழக்கமான பி-பிளாட் கிளாரினெட்டைவிட ஈ-பிளாட் ஆல்டோ ஒரு பஞ்சமம் தாழ்ந்து ஒலிப்பது. குழாய் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நீளம். குழாய் நீண்டால் துளைகள் விலக வேண்டும், அகலவும் வேண்டும். வாசிப்பவரின் கை மட்டும் நீள்வதில்லை. ஆகவே திறந்த துளை ஆல்டோவில், ஒலியியல் கேட்கும் இடத்துக்கும் விரல் எட்டும் இடத்துக்கும் நடுவே ஓர் உடன்பாடு செய்துகொள்ள நேர்கிறது. மூடி வகையில் விரல் ஓரிடத்தில் இருக்க, நெம்புகோல் வேறிடத்தில் துளையை அடைத்துவிடும். இன்று செய்யப்படும் ஆல்டோக்களில் பெரும்பாலானவை மூடி வகை என்பதற்கு இதுவே முதன்மையான காரணம்.

மூடிகள் எளிதில் நம்பிக்கையைப் பெற்றுவிடவில்லை. பழைய தட்டையான தோல் மூடிகளில் காற்று கசிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவான் முல்லர், உள்ளே மென்மையான பொருள் திணித்த பேடுகளைப் பயன்படுத்திய பிறகே சாவிகளைத் துணிந்து பெருக்க முடிந்தது. அவருடைய 13 சாவிக் கிளாரினெட்டை 1812இல் பாரிஸ் கன்சர்வத்வாரின் குழு ஏற்க மறுத்தது. கலைஞர்கள் காலப்போக்கில் ஏற்றுக்கொண்டார்கள்.

இத்தனையும் அறிந்திருந்தும் என் மனம் திறந்த துளையையே நாடியது. ஏ.கே.சி. நடராஜனைக் கேட்டு வளர்ந்தவன் நான். துளையிலிருந்து விரலை மெல்ல உருட்டி, பாதி திறந்து, ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் அந்தக் கமகம் மூடிச் சாவியில் எளிதில் வராது. மூடியை மெதுவாகத் தூக்கிப் பார்க்கலாம். ஆனால் விரல் நுனி அறிவதை மூடி அறியாது.

தடை என் வலக்கையில் இருந்தது. மூன்றாண்டுகளுக்கு முன் நேர்ந்த விபத்துக்குப் பின் மோதிர விரலின் நுனி மூட்டு நேராக நீள்வதில்லை. திறந்த துளையை அடைக்க விரலின் சதைப்பகுதி தட்டையாகப் படிய வேண்டும். மயிரிழை இடைவெளி இருந்தாலும் கீழ்ச்சுரம் பேசாது, இல்லையேல் கீச்சிடும். அன்றிலிருந்து நான் கிளாரினெட்டைத் தொடவில்லை.

திறந்த துளை ஆல்டோவை மறுபடியும் மறுபடியும் எடுத்து ஊதினேன். கீச்சென்றது. கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. மற்றக் கருவியின் குழாய்க்குள் ஒரு சிறு விளக்கை இறக்கி, மூடிகளின் ஓரத்தில் வெளிச்சம் கசிகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு பேடை மட்டும் சற்றே சூடாக்கித் திருத்தி என்னிடம் நீட்டினார். அடியிலுள்ள சுரத்தை மெல்ல ஊதினேன். முழுதாக வந்தது.

நேரடித் தொடுகையே உண்மையானது, இடையில் வருவதெல்லாம் அந்நியம் என்று கருத்தரங்குகளில் நாம் சற்று எளிதாகவே பேசிவிடுகிறோம். நானும் அப்படிக் கட்டுரை எழுதியிருக்கிறேன். உதட்டுக்கும் காற்றுக்கும் இடையிலுள்ள ரீட் மட்டும் என்னவாம்? இடையீடு இல்லாத வாசிப்பு எங்குமில்லை. எந்த இடையீடு யாருக்கு வாசலைத் திறக்கிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. என் விரல் சரியாக இருந்திருந்தால் இது எனக்குத் தோன்றியிருக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மூடி வகையையே வாங்கினேன். இழப்பு இல்லை என்று சொல்ல மாட்டேன். மழைக்காலத்தில் பேடுகள் உப்புகின்றன. பழுது பார்ப்பவரைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. நேற்றிரவு தோடியின் காந்தாரத்தை உதட்டின் அழுத்தத்தால் அசைத்துப் பார்த்தேன். பாதிதான் வந்தது. அடுத்த அறை நண்பர் கதவைத் தட்டினார்; சத்தம் என்று கடிந்துகொள்ள வந்திருக்கிறார் என நினைத்தேன். அந்த இடத்தை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.