பசியறியா மண்

வறண்ட மண்ணை நொந்துகொள்வோர் பலர். வளமான மண்ணை நொந்துகொண்டவர் எவரையும் நான் கண்டதில்லை. ஆயினும், என் வீட்டுக் கொல்லை எனக்குப் புகட்டிய பாடம், அளவு மிஞ்சிய வளத்தைப் பற்றியதேயாகும்.

இருபத்திரண்டு ஆண்டுகள் வளைகுடா நாட்டில் பொருளீட்டிவிட்டு ஊர் திரும்பியவன் நான். காவிரியின் கடைமடையில் உள்ளது எங்கள் ஊர். கொல்லையின் ஒரு மூலையில், பாட்டனார் காலந்தொட்டு மாட்டுக் கொட்டில் இருந்தது. கொட்டில் மறைந்த பின்னும், அங்கு விழுந்த சாணம் மண்ணோடு மண்ணாய் மக்கிக் கிடந்தது. அள்ளினால் கருப்பட்டித் தூள்போல் உதிரும்; மண்புழுக்கள் நெளியும். அங்கேதான் தக்காளி, கத்தரி, அவரை மூன்றையும் பயிரிட்டேன். அத்தோடு நின்றேனா? ஆசை மிகுதியால், வாரந்தோறும் ஒரு கூடைக் கோழி எருவையும் கொட்டினேன்.

செடிகள் வளர்ந்த வளர்ச்சிதான் என்னே! தக்காளி என் மார்பளவு உயர்ந்தது. கத்தரியின் இலை விரித்த கையினும் பெரிதாயிற்று. அவரை பந்தலையே மூடிவிட்டது. கண்டவர் வியந்தனர், நான் பூரித்தேன். ஆனால், பூத்தவை சிலவே. அவற்றிலும் பல உதிர்ந்தன. இளந்தளிர்களில் அசுவினி அப்பிக்கொண்டது. சமையலுக்கு வந்ததோ கடைத்தெருக் காய்தான்!

குத்தகை நிலத்தில் உழைத்து முதிர்ந்த ஒரு பெரியவரை அழைத்து வந்தேன். அவர் ஓர் அவரைச் செடியைப் பிடுங்கி, வேரை என் முன் நீட்டினார்.

"வேர்ல முடிச்சையே காணோம், பாய்! எல்லாத்தையும் நீங்களே ஊட்டினா, அது எதுக்குப் பாடுபடும்?"

அவரை இனப் பயிர்களின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள், காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்கு அளிக்கின்றன. மண்ணிலேயே அச்சத்து மண்டிக் கிடந்தால், முடிச்சுகள் அருகிப்போகும். தழைச்சத்து மிஞ்சினால் இலையும் தண்டும் கொழிக்கும். பூவும் காயும் பின்தங்கும். கோழி எருவிலோ அச்சத்து மிகுதி. உழுத புழுதி காற்பங்காகும்படி காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டியதில்லை என்று வள்ளுவர் 'உழவு' அதிகாரத்தில் உரைத்ததைப் பள்ளியில் மனனம் செய்தவன்தான் நான். மனனம் வேறு, உணர்தல் வேறு அன்றோ?

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. செடிகளை எண்ணியன்று, என் மகனை எண்ணி. அவன் பிறந்தபோதும், பள்ளியில் சேர்ந்தபோதும் நான் அருகில் இல்லை. இல்லாத குறையைப் பணத்தால் நிரப்பினேன். அவன் கேட்குமுன் அனுப்பினேன். "கேட்கட்டும், கொஞ்சம் காத்திருக்கட்டும்" என்று என் மனைவி சொன்னபோதெல்லாம், அவளைக் கருமி என்று கடிந்தேன். இரண்டு கல்லூரிகளில் சேர்ந்து, இரண்டையும் பாதியில் விட்டுவிட்டு வீட்டிலிருக்கிறான். பார்வைக்கு வாட்டசாட்டமான பிள்ளை!

பெரியவர் சொற்படி எருவை அடியோடு நிறுத்தினேன். மிகுந்த சத்தை உறிஞ்சிக்கொள்ளட்டும் என்று, ஓராண்டு முழுவதும் முளைக்கீரையும் மக்காச்சோளமுமே பயிரிட்டேன். கீரை செழித்தது, அண்டை வீடுகளுக்கும் சென்றது. மறு ஆண்டு அவரை விதைத்தேன். கொடி முன்போல் கொழுக்கவில்லை. ஆனால், கொத்துக் கொத்தாய்க் காய்த்தது.

வீட்டிலும் எருவை நிறுத்தினேன். மகன் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. இப்போது உறவினர் கடையொன்றில் கணக்கெழுதச் செல்கிறான். மண் ஓராண்டில் தெளிந்துவிட்டது. மனிதனுக்கு எத்தனை ஆண்டு வேண்டுமோ, இறைவனே அறிவான்.

நேற்று மாலை நான் அவரைக்காய் பறித்தபோது, அவனாகவே வந்து கூடையைப் பிடித்துக்கொண்டான். நான் ஒன்றும் பேசவில்லை. அதையும் அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது.