இரண்டு பூனைகளின் பூர்வீகம்

நெதர்லாந்தின் லெய்டன் நகரத்து இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைத்த ஒரு பூனை இருக்கிறது. 1830களின் நடுவில், சிறு காட்டுப்பூனைகளின் உடல்களை விற்றுவந்த ஒருவரிடம் வாங்கியது. செம்பழுப்பு நிறம். உடம்பில் வரியும் கிடையாது, புள்ளியும் கிடையாது. இந்திய வீட்டுப்பூனை என்கிறது அதன் சீட்டு. இன்று அபிசீனியன் என்று விற்கப்படும் பூனையை அறிந்த யாரும் அதைப் பார்த்தால் ஒரு நிமிடம் நின்றுவிடுவார்கள்.

அந்தப் பூனையிடம் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது லண்டனில் இருக்கும் அக்காவின் ஒரு கேள்வி. பூனை வாங்குவது என்று முடிவெடுத்து, கடைசியில் அபிசீனியன், பர்மீஸ் என்ற இரண்டில் வந்து நின்றாள். இரண்டுக்கும் குட்டை முடி, இரண்டும் துறுதுறு, இரண்டும் மனிதர்களை விட்டு விலகாது. "நீதானேடா இதையெல்லாம் தேடிப் படிக்கிறவன், எதுன்னு சொல்லு" என்றாள். குணத்தைப் பற்றி எழுதாதவர் இல்லை. எனக்கு அவற்றின் பூர்வீகம்தான் தெரிய வேண்டியிருந்தது. சாதிப் பூனை எதுவானாலும், ஆரம்பத்தில் இருந்த ஒரு சில பூனைகளின் சுபாவமும் நோயும்தான் தலைமுறை தலைமுறையாக இறங்கி வருகின்றன.

அபிசீனியனின் கதை ஒரு போரில் தொடங்குவதாகத்தான் வழக்கமாகச் சொல்வார்கள். அபிசீனியாவின் (இன்றைய எத்தியோப்பியா) பேரரசர் இரண்டாம் டெவோட்ரோஸ் சிறைவைத்த ஐரோப்பியர்களை மீட்க, 1867-68இல் ராபர்ட் நேப்பியர் தலைமையில் பம்பாயிலிருந்து பிரிட்டிஷ் பெரும்படை கிளம்பியது. சுமார் 13,000 வீரர்கள், பீரங்கி சுமக்க 44 யானைகள். நம் மதராஸ் சாப்பர்ஸ் படையினரும் போனார்கள். செங்கடல் கரையில் அவர்கள் இறங்கிய இடம் சூலா. 1868 ஏப்ரல் 13 அன்று மக்தலா கோட்டை விழுந்தது.

ஆறு வருடம் கழித்து, 1874இல், கோர்டன் ஸ்டேபிள்ஸ் பூனைகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் ஒரு வண்ணப்படம்: போர் முடிந்ததும் அபிசீனியாவிலிருந்து கொண்டுவந்த பூனை, பெயர் சூலா. படை இறங்கிய துறைமுகத்தின் பெயரையே பூனைக்கு வைத்திருக்கிறார்கள். அந்தப் படத்தை நான் வெகுநேரம் உற்றுப் பார்த்தேன். காதுகள் மிகச் சிறியவை. இன்றைய அபிசீனியனுக்கோ முகத்தில் முதலில் தெரிவதே அகன்று நிமிர்ந்த காதுகள்தான். சூலாவின் வாரிசுகள்தான் இன்றைய பூனைகள் என்று காட்டும் வம்சாவளிப் பதிவு எதுவும் இல்லை. உள்ளூர் வரிப்பூனைகளைக் கலந்து உருவாக்கியதுதான் இது என்று வாதாடிய ஆங்கிலேயர்களும் உண்டு. முயல் பூனை என்றே அதை அழைத்தார்கள்.

அந்தப் பெயருக்குக் காரணம் முடி. ஒற்றை முடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் அடியில் வெளிர் நிறம், மேலே ஒரு கரும்பட்டை, மறுபடி வெளிர், நுனியில் கருமை. காட்டு முயலின் முடியும் இப்படித்தான். டிகேகே4 என்ற மரபணுவில் வரும் மாற்றத்தால்தான் உடம்பு வரிகள் மறைந்து இந்தப் பட்டைமுடி மட்டும் நிற்கிறது என்று 2021இல் கண்டார்கள். பூர்வீகத்தைப் பொறுத்தவரை, மரபணு ஒப்பீட்டை வைத்துப் பேசுகிறவர்கள் இந்தியப் பெருங்கடல் கரைகளையும் தென்கிழக்கு ஆசியாவையும் சுட்டுகிறார்கள். நான் லெய்டன் சீட்டின் பக்கம்தான். போருக்கு முப்பது வருடம் முன்பே, வங்காள விரிகுடாத் துறைகளிலிருந்து சரக்குக் கப்பல்களோடு போய்ச் சேர்ந்த பூனையாகத்தான் அது இருக்க வேண்டும்.

பர்மீஸ் விஷயத்தில் இந்த மூட்டம் கிடையாது. எல்லாம் ஒரே பூனையிடம் போய் நிற்கிறது. ஜோசப் சீஸ்மன் தாம்சன் என்ற முன்னாள் கப்பற்படை மருத்துவர் 1930இல் சான் பிரான்சிஸ்கோவுக்குக் கொண்டுவந்த வாங் மாவ் என்ற பழுப்பு நிறப் பெண் பூனை அது. நிறம் கெட்ட சயாமீஸ் என்றுதான் பலரும் நினைத்தார்கள். தாம்சன் அப்படி விட்டுவிடவில்லை. டாய் மாவ் என்ற சயாமீஸ் கடுவனோடு அதைச் சேர்த்தார். குட்டிகளில் சில சயாமீஸ் போல, சில தாயைப் போல. பிறகு தாயைப் போலிருந்த மகன் யென் யென் மாவையே தாயோடு சேர்த்தபோது, தாயை விடக் கருத்த, ஒரே சீரான அடர்பழுப்புக் குட்டிகளும் பிறந்தன. அந்தக் கருத்த குட்டிகளைத் தங்களுக்குள் சேர்த்தால் கருத்தவை மட்டுமே பிறந்தன. வாங் மாவ் பாதி சயாமீஸ், பாதி பர்மீஸ் என்று அதிலிருந்து புரிந்தது. 1943இல் மரபியல் இதழ் ஒன்றில் இதைக் கட்டுரையாகவே எழுதினார்கள். எனக்கு இந்தப் பொறுமையின் மேல் பெரிய மரியாதை. ஆனால் தாயையும் மகனையும் சேர்த்து எழுப்பிய வம்சம் என்பதையும் மறக்க முடியவில்லை. 2008இல் மரபியலாளர் லெஸ்லி லியான்ஸின் குழு பல சாதிப் பூனைகளை ஒப்பிட்டபோது, மரபணு வேறுபாடு மிகக் குறைந்திருந்தவற்றில் பர்மீஸும் இருந்தது.

அதே வரிசையில் இருந்த இன்னொன்று சிங்கப்பூரா. 1975இல் சிங்கப்பூர்த் தெருப்பூனை என்று அமெரிக்காவுக்குப் போனது. அந்தப் பூனைகள் அமெரிக்காவிலிருந்துதான் முதலில் சிங்கப்பூருக்கே வந்தன என்பதற்கான காகிதங்கள் பின்னால் கிடைத்தன. அதன் உடம்பில் அபிசீனியனின் பட்டைமுடியும் பர்மீஸின் நிற மரபணுவும் சேர்ந்தே இருக்கின்றன. அக்காவின் இரண்டு பூனைகளும் ஒன்றாகிவிட்டன போல! அதைத் தனியாகவே எழுத வேண்டும்.

இவ்வளவையும் அக்காவிடம் சொன்னேன். நோய்களையும் சொன்னேன். அபிசீனியனில் சிவப்பணு சிதைந்து சோகை வரும் நோய்க்கும், விழித்திரை மெல்லச் சிதைந்து பார்வை போகும் நோய்க்கும் மரபணுச் சோதனை இருக்கிறது. பர்மீஸில் பொட்டாசியம் குறைந்து, கழுத்தைத் தூக்க முடியாமல் தலை தொங்கிப்போகும் நோய்க்கும் சோதனை உண்டு. அதற்கு வரக்கூடிய நீரிழிவுக்கு அப்படிச் சோதனை இல்லை, கவனம்தான் வேண்டும். அபிசீனியன் அலமாரி உச்சியில் ஏறி வீட்டையே மேற்பார்வை பார்க்கும், கூப்பிட்டால் வரும், ஆனால் உட்காராது. பர்மீஸ் ஆள் மேல் வந்து படுத்துக்கொள்ளும், தனியாக விட்டால் வாடிப்போகும்.

அக்கா வீட்டில் இப்போது அம்மாவும் இருக்கிறார். அவருக்கு ஒரே கேள்வி: "மடியில உட்காருமா, உட்காராதா?" அதனால் பர்மீஸ் என்றேன். தனிமை தெரியாமலிருக்க இரண்டாக வாங்கச் சொன்னேன். ஐந்து தலைமுறை வம்சாவளிப் பட்டியலைக் கேட்டு வாங்கி, ஒரே பெயர் எத்தனை இடத்தில் வருகிறது என்று பார்க்கவும் சொன்னேன். முதலில் பேசிய பிரீடரின் பட்டியலில் ஒரே கடுவன் தாய் வழியிலும் தந்தை வழியிலும் தாத்தாவாக இருந்தது. அக்கா அதை விட்டுவிட்டாள். வேறொருவர் பெற்றோர் இரண்டின் சோதனை முடிவுகளையும் கேட்காமலே அனுப்பிவைத்தார். அவரிடம் அடுத்த ஈற்றில் இரண்டு குட்டிகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறாள்.