எந்தையாரின் தொழில்வரலாறு

சென்ற கோடை விடுமுறையில் யாம் இயற்றிய நூல் ஒன்றுண்டு. அஃது இரண்டே பக்கமுடையது. பாயிரமும் இல்லை, ஆசிரியர் பெயரும் இல்லை. எந்தையார் புதிய உத்தியோகம் வேண்டி விண்ணப்பித்தற்பொருட்டு அவர்தம் தொழில்வரலாற்றை எழுதித் தருதலே அப்பணி. "தம்பி, நீ தமிழ் படிக்கிறவன், சொல்லைச் சுருக்கத் தெரிந்திருக்கும்" என்று அதனை எம்மிடம் ஒப்புவித்தார். எழுதவேண்டியது ஆங்கிலத்திலாயினும், சுருக்குதல் எம்மொழிக்கும் பொதுவன்றோ எனத் துணிந்து இசைந்தோம்.

இருபத்தேழு ஆண்டுகளை இரண்டு பக்கத்துள் அடக்குதல் அரிதன்று என்றே தொடக்கத்தில் எண்ணினோம். ஆயின் அத்துறையில் ஆள் சேர்க்கும் பழக்கமுடைய நண்பர் ஒருவர் சில விதிகளை உரைத்தார். விண்ணப்பத்தை முதற்கண் படிப்பது மனிதர் அல்லர், யந்திரமே. அது தேடும் சொற்கள் அதில் இருத்தல் வேண்டும். இடையில் வேலையின்றி இருந்த மாதங்கள் தெரியலாகாது. பதினைந்து ஆண்டுக்கு முற்பட்டவற்றை நீக்கிவிடுதல் நன்று. அவை வயதைக் காட்டிக்கொடுக்கும். இம்மூன்றாம் விதியைக் கேட்டவுடன் எம் எழுதுகோல் நின்றது. யாம் இளமை முதல் கேட்டுக் கேட்டு வளர்ந்த கதைகள் யாவும் அவ்வாறு நீக்கப்படவேண்டிய பகுதியிலேயே இருந்தன.

எம் பாட்டனார் பாளையங்கோட்டைக்கு அணித்தாயுள்ள சிற்றூரில் மிஷன் பள்ளித் தமிழாசிரியராயிருந்தவர். அவர் மகன் 1994-இல் கணிதத்தில் பட்டம் பெற்றுத் திருநெல்வேலியில் ஒரு கணிப்பொறி வகுப்பிற் சேர்ந்தார். அங்கே அவர் கற்ற மொழியின் பெயர் கோபால். வாணிகக் கணக்குகளுக்கென 1959-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு குழுவினர் வகுக்கத் தொடங்கிய மொழி அது. "கோபால் படித்தால் வேலை நிச்சயம்" என்று எந்தையார் வீட்டிற் கூற, பாட்டியார், "அந்தக் கோபால் யார்? எந்த ஊர்?" என்று பன்முறை வினவியதாக இன்றும் எங்கள் குடும்பத்திற் சொல்லி நகைப்பதுண்டு. அவர் 1997-இல் சென்னைக்குச் சென்றார்.

ஆங்கு வாய்த்த வேலையைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். எம் வயதினர் பலர் அதனைச் செவிவழிச் செய்தியாகவே அறிவர். 1960-களில் கணிப்பொறியின் நினைவகம் மிக்க விலையுடையது. துளையிட்ட அட்டை ஒன்றில் எண்பது பத்திகளே உண்டு. ஆகவே ஆண்டிற்கு நான்கிலக்கம் செலவிடாமல், 1967 என்பதை 67 என்றே குறித்தனர். சிக்கனம் நன்றே. ஆயின் 2000 பிறந்தவுடன் 00 என்பது 1900 என்றன்றோ கொள்ளப்படும்? 1999-இல் கடன் பெற்று 2000-இல் அடைக்கவேண்டியவனுக்கு, தவணை நாள் கடன் பெற்ற நாளுக்குத் தொண்ணூற்றொன்பது ஆண்டு முற்பட்டதாகிவிடும். இதனைத் திருத்த இரு நெறிகள் இருந்தன. ஒன்று, இரண்டிலக்கத்தை நான்காக விரித்தல். மற்றொன்று, 00 முதல் 49 வரை இருபத்தோராம் நூற்றாண்டு, 50 முதல் 99 வரை இருபதாம் நூற்றாண்டு என்றாற்போல ஓர் எல்லை வகுத்தல். பின்னது விரைவானது, செலவு குறைந்தது. எந்தையாருக்கோ அமெரிக்க ஆயுள் காப்பீட்டுக் கணக்கு வந்து வாய்த்தது. எல்லை வகுத்தால், 1912-இல் பிறந்த மூதாட்டியார் 2012-இல் பிறக்கவிருக்கும் மகவாய்விடுவார். எனவே பிறந்த நாள் பயின்று வரும் இடமெல்லாம் தேடித் தேடி நான்கிலக்கமாக்கினர். நூறால் வகுபடும் ஆண்டிற்குப் பிப்ரவரி 29 இல்லை என்ற விதியை மட்டும் அறிந்து, நானூறால் வகுபடின் உண்டு என்னும் புறனடையை அறியாதார் எழுதிய நிரல்களும் இருந்தனவாம். புறனடையை மறந்து தேர்வில் மதிப்பெண் இழந்த எமக்கு அவர்கள்மீது இரக்கமே தோன்றுகிறது.

அத்தொழிலில் எம் நெஞ்சைக் கவர்ந்த வழக்கம் ஒன்று. கோபாலில் ஏழாம் பத்தியில் உடுக்குறி ஒன்று இட்டால் அவ்வரியைக் கணிப்பொறி பொருட்படுத்தாது. அது பின்வரும் மனிதனுக்காக எழுதப்படுவது. மூலத்தின் நடுவே நின்ற உரை எனலாம். நிரலைத் தொட்டவன் தான் தொட்ட நாளையும், காரணத்தையும், தன் பெயரின் முதலெழுத்துக்களையும் அவ்வரியிற் குறித்தல் முறை. எந்தையார் தாம் பிறப்பதற்கு முன்னரே எழுதப்பட்ட நிரல்களைத் திருத்தியிருக்கிறார். ஒன்றில், "இவ்விடத்தைத் தொடாதே, இஃது ஏன் சரியாக நடக்கிறதென்று எனக்கே விளங்கவில்லை" என்று யாரோ ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தாராம். எந்தையார் அதனைத் தொட்டார். தொட்டு, அதன்கீழ்த் தம் முதலெழுத்துக்களையும் இட்டார்.

1999 டிசம்பர் 31 இரவு எங்கள் ஊர்க் கோயிலில் புத்தாண்டு ஆராதனைக்கு மணி அடித்தபொழுது எந்தையார் சென்னையில் காரியாலயத்தில் விழித்திருந்தார். நியூயார்க்கில் நள்ளிரவாவது நமக்கு ஜனவரி 1 காலை பத்தரை மணி. ஆகவே ஆராதனை முடிந்து, ஊரார் உறங்கி எழுந்து, கறிவிருந்திற்கு ஆயத்தம் செய்யும்வரை அவர்கள் திரையைப் பார்த்திருந்தனர். பத்தரை ஆயிற்று. ஒன்றும் நிகழவில்லை. பதினொன்றாயிற்று. அப்பொழுதும் ஒன்றும் நிகழவில்லை. இரண்டாண்டு உழைப்பின் பயன் அதுவே. மறுநாட் செய்தித்தாள்கள் சில, இத்தனை பணமும் வீண் அச்சத்தால் விரயமாயிற்றென்று எழுதின. தடுக்கப்பட்ட தீமைக்குச் சான்று காட்டுதல் எவ்வாறு என்று எந்தையார் இன்றும் கேட்பதுண்டு. எமக்கு விடை தெரியாது. ஆலயத்தில் அன்றிரவு குடும்பத்தார் ஒவ்வொருவர் பெயராலும் வாக்குத்தத்த அட்டை எடுத்தபொழுது, வராத மகனுக்காகப் பாட்டியார் ஒன்று எடுத்து வைத்தார். அவ்வட்டை அவருடைய வேதப்புத்தகத்துள் நெடுங்காலம் கிடந்தது.

2000-ஆம் ஆண்டு ஜூலையில் எந்தையார் அமெரிக்கா சென்றார். அதற்கு முன்னரே, மார்ச் 10-ஆம் நாள், நாஸ்டாக் என்னும் பங்குச்சந்தைக் குறியீடு 5,048 என்னும் உச்சியைத் தொட்டு இறங்கத் தலைப்பட்டிருந்தது. 2002 அக்டோபரில் அது 1,114-இல் வந்து நின்றது. கடை அடைக்கும் வேளையிற் சந்தைக்குச் சென்றவர் போலாயினார். 2001 மே மாதத்தில் தொலைபேசியில் ஒரு குரல் அவருக்கு வேலை இல்லை என்றது. வேலையை ஒட்டிய அவ்விசாவில், வேலை நீங்கியபின் தங்கி வேறு தேட அக்காலத்தில் விதிப்படி அமைந்த தவணை இல்லை. அறுபது நாள் தவணை என்பது 2017-இல் வந்ததே. இரண்டு பெட்டிகளுடன் ஊர் திரும்பினார்.

அதன்பின் இருபது மாதம் வேலை இல்லை. அவ்விருபது மாதங்களே தொழில்வரலாற்றில் தெரியலாகாதென நண்பர் விதித்த இடைவெளி. வந்த மறுநாட் காலையில் பாட்டனார் வேறெதுவும் வினவாமல், "தம்பி, கோயிலுக்கு ஒரு காரியம் இருக்கிறது" என்று அழைத்துச் சென்றனராம். சபையிற் பாடும் கீர்த்தனைகளுக்கு முதற்குறிப்பகராதி ஒன்று வேண்டியிருந்தது. எந்தையார் பாட்டு முதல்களை யூனிகோடு முறையில் தட்டெழுதி, கணிப்பொறியைக் கொண்டு ஒரு நொடியில் வரிசைப்படுத்தி, அச்சிட்டு நீட்டினார். பாட்டனார் கண்ணாடியை அணிந்து பார்த்து, "வரிசை பிழை" என்றனர்.

பிழைதான். யூனிகோடில் அகரமேறிய ககரமே அடிப்படை. ககர மெய் வேண்டின் அதன்மேற் புள்ளியைத் தனிக்குறியாகச் சேர்த்தல் வேண்டும். அப்புள்ளிக்குத் தரப்பட்ட எண்ணோ எல்லா எழுத்துக்கும் பிற்பட்டது. ஆகவே எண்வரிசையில் விட்டால், 'பகல்' முன்னும் 'பக்கம்' பின்னுமாக நிற்கும். நம் அகராதிகளில் மெய் முன், உயிர்மெய் பின். மெய்யின்மேல் உயிர் ஏறி உயிர்மெய் பிறக்கும் என்பது நம் இலக்கணம்; கணிப்பொறியோ உயிர்மெய்யிலிருந்து உயிரைக் களைந்து மெய்யைப் பெறுகிறது. "உன் யந்திரம் நன்னூல் படிக்கவில்லை" என்றாராம் பாட்டனார். எழுத்துக்களின் வரிசையை அவர் ஒரு தாளில் எழுதித் தர, அதனை ஓர் அட்டவணையாக்கி எந்தையார் நிரலைத் திருத்தி எழுதினார். அவ்விருபது மாதங்களில் தந்தையும் மகனும் மிகுதியாகப் பேசியது இதனைப் பற்றியே என்பர். வேலையைப் பற்றி ஒருநாளும் பேசவில்லையாம்.

2003-இல் மீண்டும் சென்னை. பிறர் எழுதிய நிரல்களைச் சோதிக்கும் வேலை. பின் திருமணம். 2006-இல் யாம் பிறந்தோம். லேமன் பிரதர்ஸ் என்னும் நிறுவனம் 2008 செப்டம்பரில் வீழ்ந்தபின் பரவிய மந்தத்தில், 2009-இல் எந்தையார் இரண்டாம் முறை வேலை இழந்தார். எட்டு மாதம் அன்னையாரின் பள்ளிச் சம்பளமே குடும்பத்தைத் தாங்கிற்று. எம் நினைவில் உள்ள முதல் இன்பக் காலம் அதுவே என்று சொல்ல இப்பொழுது நாணுகிறோம்: நாள்தோறும் எந்தையார் எம்மைத் தோளில் ஏற்றிப் பாலர் வகுப்பிற்குக் கொண்டுபோயினார்.

2023-இல் யாம் பள்ளியிறுதித் தேர்வு முடித்து, தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் சேரவிரும்புகிறோம் என்றபொழுது உறவினர் பலர் வருந்தினர். பொறியியற் கல்விக்கென எந்தையார் பணம் சேர்த்து வைத்திருந்ததை யாம் அறிவோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, "மெய் முன்னா, உயிர்மெய் முன்னா?" என்று ஒரு வினாவே வினவினார். "மெய் முன்" என்றோம். மறுநாள் கலாசாலைக்கு உடன் வந்தார்.

மூன்றாம் முறை 2024 நவம்பரில். காலையில் கணிப்பொறி அவருடைய கடவுச்சொல்லை ஏற்கவில்லை. தவறாகத் தட்டினோமோ என மும்முறை முயன்றார். பின்னர்த் திரைவழிக் கூட்டமொன்று, பதினொரு நிமிடம். எந்தையாருக்கு அப்பொழுது ஐம்பத்தொரு வயது. சோதிக்கும் பணியில் பெரும்பகுதியை இனி யந்திரமே செய்யும் என்றனராம். அன்றிரவு யாம் விடுதியிலிருந்து பேசியபொழுது அவர் எம் தேர்வைப் பற்றியே கேட்டார். அன்னையார் கூறியே செய்தி அறிந்தோம். பொறியியல் படித்திருந்தால் இரண்டாண்டிற் பொருளீட்டத் தொடங்கியிருப்போம் என்னும் எண்ணம் அன்றிரவு எம்மை உறங்கவிடவில்லை. இன்றும் முற்றும் நீங்கிற்றில்லை.

இவ்வாறாக, சென்ற மே மாதம் இருவரும் மேசையில் அமர்ந்தோம். நண்பர் விதித்த விதிப்படி நீக்கலாம் என்றார் எந்தையார், கூடாதென்றோம் யாம். கோபாலையாவது விடுவோம் என்று வாதிட்டோம். 2020 ஏப்ரலில், தொற்றுக் காலத்தில், நியூஜெர்சி மாநில ஆளுநர் கோபால் அறிந்தோர் உதவிக்கு வருக என வெளிப்படையாக வேண்டிக்கொண்டதை நினைவூட்டினோம். வேலையிழந்தோர்க்கு உதவித்தொகை வழங்கும் அம்மாநிலக் கணிப்பொறிகள் அம்மொழியையே நம்பியிருந்தன. எந்தையார் நகைத்து அவ்வொரு வரியை இருக்கவிட்டார். கீர்த்தனை அகராதியைச் சேர்க்க மட்டும் எவ்வாற்றானும் இசைந்திலர். "அது வேலை அன்று, சம்பளம் இல்லை" என்றார். இருபது மாதமும் எழுதப்படாமலே போயின. விண்ணப்பங்கள் சென்றன. இதனை எழுதும்வரை வந்த மறுமொழிகள் நான்கு. நான்கும் ஒரே வாசகமுடையன. அவற்றையும் யந்திரமே எழுதியிருக்கக்கூடும்.

இப்பருவத்தில் எம் பேராசிரியர், பதிப்பொன்றிற்குப் பாட்டு முதற்குறிப்பகராதி அமைக்கும் பணியை எமக்களித்தார். எந்தையாரிடம் கூறினோம். மாலைக்குள் 2002-ஆம் ஆண்டு நிரலை அனுப்பிவைத்தார். திறந்து பார்த்தோம். எழுத்து வரிசை அட்டவணைக்கு மேலே, கணிப்பொறி படிக்காத வரி ஒன்று இருந்தது: ஒரு நாள், ஒரு மாதம், "மெய் முன், உயிர்மெய் பின்", அதனையடுத்துப் பாட்டனார் பெயரின் முதலெழுத்துக்கள், தம்முடையவை அல்ல.

நிரல் இன்றும் செவ்வனே இயங்கியது, ஒரு குறையொழிய. கீர்த்தனை முதல்களில் ஆய்தம் வந்ததில்லை போலும். அட்டவணையில் அதற்கு இடமில்லை. எனவே 'அஃது' என்று தொடங்கும் பாட்டு அகரத்தின் இறுதியிற் சென்று நின்றது. ஔகாரத்திற்கும் ககர மெய்க்கும் இடையே ஆய்தத்தைச் சேர்த்தோம். பாட்டனார் வரியின்கீழ் நாளையும் காரணத்தையும் குறித்து, எம் முதலெழுத்துக்களை இட்டு, எந்தையாருக்குத் திருப்பி அனுப்பினோம்.